கடைசியில யாரு வந்தா?

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் திருநெல்வேலி டவுன் ரத வீதியில் நடக்க முடியாது. பேத்திக்கு ரிப்பன் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் நிறம் கேட்கவில்லை. "எந்த ஸ்கூலும்மா?" என்றார். சொன்னதும் கரும்பச்சை உருளையை இறக்கி, மேஜை விளிம்பில் அடித்திருந்த ஆணிக்கு ஆணி இழுத்து அளந்தார். அந்த உருளைக்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் நிற ரிப்பன், தூசி படிந்து கிடந்தது. அது எந்தப் பள்ளிக்கு என்று கேட்டேன். "அது எந்த ஸ்கூலுக்கும் இல்ல. கிஃப்ட் பொட்டலம் கட்டத்தான் போவுது" என்றார். அதிலும் ஒரு மீட்டர் வெட்டித் தரச் சொன்னேன்.

ஆங்கில இலக்கியம் படித்து, அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒருத்திக்கு ரோஸ் ரிப்பன் என்றால் ஒரே ஒரு கதைதான். நத்தேனியல் ஹாதோர்ன் எழுதி 1835இல் வெளிவந்த 'யங் குட்மேன் பிரவுன்'.

பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்த நாட்களில் அமெரிக்க இலக்கியம் தனிப் பேப்பர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு அது. மின்விசிறி கடகடக்கும், பாதிப் பேர் கண் சொருகியிருப்பார்கள். எங்கள் மிஸ் அன்றைக்கு நோட்ஸ் ஒன்றும் கொடுக்காமல், கதையை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தார். சேலம் என்ற ஊர்ப்பெயர் வந்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "நம்ம சேலமா மிஸ்?" நான் வாத்தியாரம்மா ஆன பிறகும் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தி அதைக் கேட்டிருக்கிறாள். கேட்காத வருஷம் எனக்குத்தான் ஏமாற்றமாக இருக்கும். இது மாசசூசெட்ஸில் இருக்கிற சேலம். 1692இல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்ட ஊர். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன் என்று வாய்மூடி நின்ற ஒரு கிழவரை மார்பின்மேல் கல்லடுக்கியே கொன்ற ஊர்.

கதை சின்னது. கல்யாணமாகி மூன்றே மாதமான இளைஞன் பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். இன்று ஒரு ராத்திரி மட்டும் போகாதே என்கிறாள் மனைவி. அவள் பெயர் ஃபெயித், அவள் தொப்பியில் ரோஸ் ரிப்பன். காட்டில் ஒரு பெரியவர் காத்திருக்கிறார். பார்க்க இவனுடைய அப்பா சாயல், கையில் பாம்பு போல் நெளிகிற தடி. திரும்பிவிடுகிறேன், என் குடும்பத்தில் யாரும் இந்த வழியில் வந்ததில்லை என்கிறான் பிரவுன். உன் தாத்தாவையும் அப்பாவையும் எனக்கு நன்றாகத் தெரியும் என்கிறார் பெரியவர். தாத்தா குவேக்கர் சபைப் பெண் ஒருத்தியைத் தெருத்தெருவாகச் சாட்டையால் அடித்தபோது நான்தான் கூட நின்றேன் என்கிறார். போகப் போக, அவனுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுத்த கிழவி அதே காட்டுப் பாதையில் வருகிறாள். போதகரும் சபை மூப்பரும் குதிரையில் போகிற சத்தம் கேட்கிறது. கடைசியில் வானத்திலிருந்து ஒரு ரோஸ் ரிப்பன் மிதந்து வந்து கிளையில் மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அவனுக்கு வெறி. காட்டின் நடுவே பைன் மரங்கள் எரிய, ஊரே அங்கே கூடியிருக்கிறது. அவனையும் ஃபெயித்தையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்கப்போகிற நேரத்தில், மேலே பார், எதிர்த்து நில் என்று மனைவியைப் பார்த்துக் கத்துகிறான். அத்தனையும் மறைந்துபோகிறது. குளிர்ந்த பாறையும் இருட்டும்தான் மிச்சம்.

விடிந்து ஊருக்குள் வருகிறான். மனைவி அதே ரிப்பனோடு ஓடி வருகிறாள். அவன் கடுத்த முகத்தோடு அவளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறான். கனவா நிஜமா என்று ஹாதோர்ன் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை அவன் யாரையும் நம்பவில்லை. பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, கிழவனாகித்தான் செத்தான். ஆனால் கல்லறையில் ஒரு நல்ல வார்த்தை பொறிக்க முடியவில்லை.

மிஸ் புத்தகத்தை மூடினார். என் பக்கத்தில் இருந்தவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் நாசரேத் பக்கத்து ஊர்க்காரி, உபதேசியார் மகள், ஹாஸ்டல் பிள்ளை. கதை சோகமாக இருக்கிறது, அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். மெஸ்ஸுக்குப் போகிற வழியில் கேட்டாள், "அப்போ ராத்திரி எங்க அப்பாவும் காட்டுக்குப் போவாங்களாட்டி?" சிரிப்பதா, சமாதானம் சொல்வதா என்று தெரியவில்லை. அவர்கள் ஊரில் காடு ஏது, தேரியும் பனையும்தானே என்றேன். அதற்கும் அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் டவுனில் எங்கள் வீட்டு வளவில் ஆச்சியிடம் கதையைச் சொன்னேன். கல்லூரியில் படிக்கிற கதைகளை ஆச்சிக்குச் சொல்வது எனக்குப் பரீட்சைக்குப் படிக்கிற வழி. அவளுக்குப் பொழுதுபோக்கு. ஹேம்லெட்டும் சைலஸ் மார்னரும் அந்தத் திண்ணையில் நெல்லைத் தமிழில் நடமாடியவர்கள்தான். ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்பாள். இந்தக் கதையை ரொம்பக் கவனமாகக் கேட்டாள். முடித்ததும், "சரி, கடைசியில யாரு வந்தா?" என்றாள்.

"ஒருத்தரும் வரல்ல ஆச்சி."

"அவன சோதிச்சது யாரு?"

"சைத்தான்னு வச்சுக்கயேன்."

"அது சரிட்டி. சோதன முடிஞ்ச பொறவு சாமி வரணும்லா? வரல்லன்னா கத எப்படி முடியும்? உங்க வாத்திச்சி பாதியில நிறுத்திட்டா. போய்க் கேளு."

ஆச்சி கேட்டு வளர்ந்த கதைகள் அப்படி. நெல்லையப்பர் கோயிலில் அந்தக் காலத்தில் மாலை நேரம் புராண விரிவுரை நடக்கும். மைக் கிடையாது. கிழவிகள் தூணோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். எத்தனையோ முறை கேட்ட சிறுத்தொண்டர் கதைக்கு ஆச்சி ஒவ்வொரு முறையும் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். வாதாபியை அழித்த படைத்தலைவர் பரஞ்சோதி, திருச்செங்காட்டங்குடியில் அடியாருக்குச் சோறு போடுகிற சிறுத்தொண்டராக இருக்கிறார். பைரவ வேடத்தில் ஒருவர் வந்து பிள்ளைக்கறி கேட்கிறார். அப்பனும் ஆத்தாளும் மனம் மகிழ்ந்து அரிய வேண்டுமாம், அழக்கூடாதாம். சீராளனைக் கறி சமைக்கிறார்கள். தலைக்கறி வேண்டும் என்று வந்தவர் விடாப்பிடியாக நிற்க, வீட்டுப் பணிப்பெண் சந்தனத் தாதையார் அதையும் தனியாகச் சமைத்து வைத்திருக்கிறாள். கூட உட்கார்ந்து உண்ண உன் மகனைக் கூப்பிடு என்கிறார் அவர். தெருவாசலில் நின்று அந்தத் தாய் சீராளா என்று கூப்பிடுகிற இடத்தில் மண்டபமே விம்மும். பிள்ளை ஓடி வருவான். உள்ளே பார்த்தால் வந்தவரைக் காணோம். இடபத்தின்மேல் அம்மையோடு காட்சி. ஆச்சி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிடுவாள். திருச்செங்காட்டங்குடியில் இன்றும் சித்திரைப் பரணியில் அமுது படையல் விழா நடக்கிறது.

பெரியபுராணம் பாடிய சேக்கிழாரிடம் சோதிக்க வருகிறவரும் இறைவன், கடைசியில் காட்சி தருகிறவரும் அவரே. இயற்பகையாரிடம் மனைவியைக் கேட்டு வந்தவரும், மழை ராத்திரியில் இளையான்குடி மாறனார் கதவைத் தட்டியவரும் அவர்தான். விதைத்த நெல்லை இருட்டில் கூடையோடு வாரிக்கொண்டு வந்த மாறனாருக்கு விடிவதற்குள் விடை கிடைத்துவிடும். ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது உபதேசியார் மகள், "எங்களுக்கும் அப்படித்தான்" என்று ஆபிரகாம் கதையைச் சொன்னாள். மகனை விறகின்மேல் கிடத்திக் கத்தியை ஓங்கும்போது தூதன் தடுப்பான், புதரில் ஓர் ஆட்டுக்கடா சிக்கி நிற்கும். ஆச்சியின் இடபம் அவளுக்கு ஆட்டுக்கடா. ஹாதோர்ன் கதையில் இரண்டும் இல்லை.

ஏன் இல்லை என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. பிற்பாடு அவருடைய குடும்பக் கதையைப் படித்தபோது கொஞ்சம் பிடிபட்டது. சேலம் சூனிய விசாரணையில் உட்கார்ந்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாதோர்ன், எழுத்தாளருக்கு எள்ளுத் தாத்தா. அதற்கு முந்தைய தலைமுறை வில்லியம், குவேக்கர்களைச் சாட்டையால் அடிக்க உத்தரவு போட்டவர். கதையில் காட்டுப் பெரியவர் சொல்கிற தாத்தா யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். கடவுள் பெயரைச் சொல்லித் தூக்குக் கயிறு மாட்டியவர்களின் பேரன், கடைசிக் காட்சியில் கடவுளைக் கூட்டிவரக் கூசியிருக்க வேண்டும். இது என் யூகம்தான். பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்காது, நானே போட்டிருக்க மாட்டேன்.

அந்தக் கதையை நான் நடத்திய வருஷங்களில் பிள்ளைகள் மாறினார்கள். முதலில் வந்தவர்கள் சைத்தானைப் பற்றிக் கேட்டார்கள். அப்புறம் வந்தவர்கள் இது கனவுதானே மிஸ் என்று முடித்துவிடப் பார்த்தார்கள். ஓய்வு பெறப்போகிற சமயத்தில் ஒருத்தி எழுந்து, "அவன் பொண்டாட்டி பாவம் மிஸ். போகாதேன்னு சொன்னவ அவ. அவளையும் காட்டுல பாத்ததா நெனைக்கிறானே, அங்க இவன் என்ன பண்ணிட்டு இருந்தான்?" என்றாள். வகுப்பே கை தட்டியது. அத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு பிரவுனை நினைத்தால், அவன் திரும்பி வந்த காலையில் தெருவில் ஓடி வந்து அப்படியே நின்றுவிட்ட அந்தப் பெண்தான் முன்னால் வருகிறாள்.

சாமர்செட் மாமின் 'ரெய்ன்' கதையும் பாடத்தில் இருந்தது. 1921இல் வந்தது. பாகோ பாகோ துறைமுகத்தில் ஓயாத மழையில் மாட்டிக்கொண்ட பாதிரியார் டேவிட்சன், சாடி தாம்சன் என்ற பெண்ணைத் திருத்தியே தீருவேன் என்று கிளம்பி, அவளை அழவைத்து, மண்டியிடவைத்து, கடைசியில் ஒரு விடியற்காலை கழுத்தறுபட்டுக் கடற்கரையில் கிடக்கிறார். கத்தி அவர் கையிலேயே. அவள் அறையில் கிராமபோன் மறுபடி அலறுகிறது. ராத்திரி என்ன நடந்தது என்பதை மாம் எழுதவே இல்லை. கெட்டிக்காரத்தனமான கதை. ஆனால் எனக்கு அதன்மேல் பெரிய பிரியம் வந்ததில்லை. டேவிட்சனை மாம் முதலிலிருந்தே பிடிக்காமல் எழுதுகிறார். விழப்போகிறவன் என்று தெரிந்தவனைத் தள்ளிவிடுவதில் என்ன இருக்கிறது? அதே மாம் 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து, ரமணரைப் பார்ப்பதற்குள் மயங்கி விழுந்தார். ரமணரே அவர் இருந்த அறைக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்பார்கள். டேவிட்சனை எழுதியவருக்கு அது வேண்டியிருந்தது போல.

பிரியம் வந்தது டால்ஸ்டாயின் 'ஃபாதர் செர்ஜியஸ்' மேல். எரிந்துபோவதற்கு முந்தைய மூர் மார்க்கெட்டில், அட்டை இல்லாத ஓர் ஆங்கிலத் தொகுப்பில் கிடைத்தது. சென்னையிலிருந்து திரும்பும் ரயிலில், மேல் பெர்த்தில் விளக்கை அணைக்கச் சொல்லிக் கீழே இருந்தவர் சத்தம் போடப் போட வாசித்தேன். விருதுநகர் தாண்டும்போது கடைசிப் பக்கம்.

கசாட்ஸ்கி என்ற இளவரசன், அழகன், எதிலும் முதலாவதாக வரவேண்டும் என்ற வெறி பிடித்தவன். கல்யாணம் நெருங்கும்போது, தன்னை மணக்கவிருப்பவள் ஜார் மன்னரின் ஆசைநாயகியாக இருந்தவள் என்று அவள் வாயாலேயே தெரிந்துகொள்கிறான். எல்லாவற்றையும் உதறித் துறவியாகிறான். துறவிலும் முதலாவதாக வரவேண்டும், அங்கேதான் வினை. வருஷங்கள் போய், குகைபோன்ற அறையில் தனியே இருக்கும் செர்ஜியஸைத் தேடி ஒரு பனி ராத்திரியில் மகோவ்கினா என்ற அழகி வருகிறாள். நண்பர்களிடம் பந்தயம் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். குளிரில் நனைந்துவிட்டேன், கதவைத் திற என்கிறாள். தட்டிக்கு அந்தப்புறம் அவள் ஈரக் காலுறையைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. அவர் வெளியே போய், கட்டையின்மேல் இடது கை ஆள்காட்டி விரலை வைத்துக் கோடரியால் வெட்டிக்கொள்கிறார்.

மேனகையின் சுண்டுவிரல் அசைவு போதும் என்று நம் புராணம் விசுவாமித்திரரைக் கவிழ்த்துவிடும். டால்ஸ்டாய் இங்கே ஜெயிக்கவைக்கிறார். அந்தப் பெண் கண்ணீரோடு போய், ஒரு வருஷத்தில் தானும் துறவு பூணுகிறாள். வேறு யாராக இருந்தாலும் கதையை இங்கே முடித்திருப்பார்கள். டால்ஸ்டாய்க்கு இது பாதிவழி. விரல் போன செய்தி பரவுகிறது. ஜனம் வருகிறது. நோயாளிப் பையன் ஒருவன் குணமாகிறான், இன்னும் ஜனம் வருகிறது. மடம் விருந்தினர் விடுதி கட்டுகிறது. எப்போது ஆசீர்வதிக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று மடத்தார் ஏற்பாடு செய்கிறார்கள். உள்ளே ஊற்று வற்றிக்கொண்டே வருவது அவருக்கு மட்டும் தெரிகிறது. பிறகு ஒரு வியாபாரி, மனநிலை சரியில்லாத தன் மகளைக் குணப்படுத்தக் கூட்டி வருகிறான். மகோவ்கினாவிடம் விழாதவர் இந்தப் பெண்ணிடம் விழுகிறார். கோடரி அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. விடிவதற்குள் முடியைக் கத்தரித்து, குடியானவன் உடை போட்டுக்கொண்டு ஓடிவிடுகிறார்.

சாகலாம் என்று நினைக்கிறார், துணிச்சல் இல்லை. கனவில் தேவதூதன் வந்து பாஷென்காவிடம் போ என்கிறான். சின்ன வயதில் பையன்கள் எல்லாரும் சேர்ந்து கேலி செய்த ஒல்லிப் பெண். நீந்தத் தெரியும் என்று சொன்னவளைத் தரையிலேயே நீந்திக் காட்டச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் இப்போது கிழவி. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து, வேலை போன மருமகனையும் மகளையும் பேரப்பிள்ளைகளையும் காப்பாற்றுகிறாள். கோயிலுக்குப் போவாயா என்று கேட்டால் வெட்கப்படுகிறாள். கிழிந்த உடுப்போடு போக மகளுக்கும் பேரனுக்கும் முன்னால் கூச்சம், அப்புறம் சோம்பல் என்கிறாள். தான் கடவுள் பெயரில் மனிதர்களுக்காக வாழ்ந்ததும், இவள் மனிதர்களுக்காக என்று நினைத்துக்கொண்டு வேறு யாருக்காகவோ வாழ்வதும் அப்போது செர்ஜியஸுக்கு உறைக்கிறது. ஊர் ஊராகப் போகிறார். அடையாளச் சீட்டு இல்லை என்று பிடித்து சைபீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு குடியானவனின் தோட்டத்தில் வேலை, குழந்தைகளுக்குப் பாடம், நோயாளிகளுக்குப் பணிவிடை.

1890களில் எழுதிய இந்தக் கதையை டால்ஸ்டாய் உயிரோடு இருந்தவரை வெளியிடவில்லை. இறந்த மறு வருஷம், 1911இல்தான் வந்தது. இடையில் 1901இல் திருச்சபை அவரை விலக்கி வைத்துவிட்டது. 1910இல், எண்பத்திரண்டு வயதில், செர்ஜியஸ் போலவே இருட்டோடு வீட்டை விட்டுக் கிளம்பினார். முதலில் ஓப்தினா மடத்துக்குப் போனார். அங்கிருந்து கன்னியாஸ்திரியான தங்கையைப் பார்க்கப் போனார். அஸ்தாபோவோ ரயில் நிலையத்தில் உயிர் போனது. தான் எழுதிவைத்த முடிவுக்கு அவரே நடந்து போய்ச் சேரப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றும். சேரவில்லை. உலகப் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் அந்த ஸ்டேஷனில் குவிந்துவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்ல ஆச்சி இல்லாமல் போய்விட்டாள். இருந்திருந்தால் விரலை வெட்டுகிற இடத்தில், கண்ணைப் பிடுங்கிக் கொடுத்த கண்ணப்பரை நினைத்துக் கும்பிட்டிருப்பாள், அடுத்த பாதியில் என்னை வைதிருப்பாள். சாமி வராவிட்டாலும் ஒரு கிழவி வந்தாளே என்று நான் வாதாடியிருப்பேன்.

உபதேசியார் மகளுக்குப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினேன். அவள் அதற்குள் ஐயரம்மா ஆகியிருந்தாள். எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் குருவானவரை ஐயர் என்பார்கள், அவர் வீட்டம்மா ஐயரம்மா. தேரிக்காட்டுச் சபை. பல மாதம் பதில் இல்லை. ஒருமுறை அவர்கள் சபையின் அசன பண்டிகைக்கு என்னைக் கூப்பிட்டாள். போனேன். கோயிலுக்குப் பின்னால் பந்தல் போட்டு, ஊர் ஆண்கள் வரிசையாகக் காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு அண்டா அண்டாவாகக் கொதித்தது. உள்ளே ஆராதனை நடக்கிறது, ஐயர் பிரசங்கம் பண்ணுகிற சத்தம் குழாயில் வருகிறது. இவள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அரிசி பதம் பார்க்கிறாள். "ஆராதனைக்குப் போகலையா?" என்றேன். "ஆமா, நான் போயிட்டா இது யாரு பாப்பா? ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டாரு" என்றாள்.

பாஷென்காவைக் கண்ணால் பார்த்துவிட்ட பரவசத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் காதோரம் குனிந்து, "நீ அந்தக் கதைய வாசிச்சியா?" என்றேன்.

"வாசிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தச் சாமியாரு வந்தாரு, அவ கதையெல்லாம் கேட்டாரு, ஞானம் வந்துட்டு, கிளம்பிட்டாரு. அவ மறுநாளும் பியானோ கிளாசுக்குப் போகணும். மருமகன் அப்படியேதான் கெடக்கான். இவரு போய் சைபீரியாவுல யாரு தோட்டத்தையோ கொத்துதாரு. அந்த வேலைய அவ வீட்டுலயே இருந்து பாத்தா என்னவாம்?"

டால்ஸ்டாய்க்காகப் பேச நான் வாயைத் திறந்தேன். அவர் தங்கிவிட்டால் ஊரில் பேச்சு வரும், மறுபடி புனிதர் என்று கூட்டம் கூடும், பெயரில்லாமல் போவதுதான் அவருக்குத் தவம் என்றெல்லாம் வகுப்பில் சொல்கிற மாதிரி ஆரம்பித்தேன். அவள் கரண்டியை என் கையில் திணித்தாள். "அத பந்தி முடிஞ்ச பொறவு பேசுவோம். பிரசங்கம் இப்ப முடிஞ்சிரும், நானூறு எல போடணும். நீ அடி பிடிக்காம கிண்டு."